கராஜ் வாங்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவின் 1982ஆம் ஆண்டு கே.ஈ.70 கொரோலா இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் ‘டங்’ என்று அடிக்கிறது. வளைவில் சரிகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா, உயரமும் இறுக்கமும் மாற்றக்கூடிய கோயில் ஓவர் செற் ஒன்று அனுப்புவதாகச் சொல்கிறார். ஸ்பிரிங் மில்லிமீற்றருக்கு 6 கிலோவாம். காரை இரண்டு அங்குலம் கீழே பதித்தால் வடிவாக இருக்கும். பூட்டலாமா?
— வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, உங்கட கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மனுசி எடுத்து வாசித்துவிட்டு, “கோயில் ஓவராம், எந்தக் கோயிலில் திருவிழா முடிஞ்சுது?” என்று கேட்டா. ஆகவே இனி ‘கொயிலோவர்’ என்றே எழுதுவோம். சொக்கைச் (அதிர்வுதாங்கியை) சுற்றிச் சுருள் ஸ்பிரிங் பூட்டி, ஸ்பிரிங் தட்டை மரையில் ஏற்றி இறக்கக்கூடிய செற்தான் அது.

அண்ணாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. அந்த ‘டங்’குக்கு மருந்து கொயிலோவர் இல்லை. பொனற்றைத் திறந்து, முன் சில்லைத் தாங்குகிற ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கிற றப்பர் மவுண்டில் உள்ளங்கையை வையுங்கோ. வேறொருவர் மட்காட்டை அமத்தி அமத்தி விடட்டும். கைக்குள் சின்னத் தட்டு ஒன்று தெரிந்தால் மவுண்ட் போய்விட்டது. அது சுத்தமாக இருந்தால் காரை ஜக்கில் ஏற்றி, ஸ்டாண்டில் இருத்தி, ரயருக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து மெல்லக் கிளப்பிப் பாருங்கோ. சில்லு மட்டும் எழும்பி, அதைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆம் பேசாமல் கிடந்தால், இரண்டையும் இணைக்கிற போல் ஜொயின்ற் தேய்ந்திருக்கிறது. லோவர் ஆம் புஷ்ஷையும் லைற் அடித்துப் பாருங்கோ. நாற்பது வருசத்து றப்பர் காய்ந்த பனங்கொட்டை மாதிரி வெடித்துப்போயிருக்கும். இவற்றை மாற்றி, கேஒய்பி போன்ற சாதாரண சொக் நாலு போட்டால் உங்கட முறைப்பாட்டில் முக்கால்வாசி அடங்கிவிடும். அதன் பிறகும் ஆசை இருந்தால் மிச்சத்தை வாசியுங்கோ.

முதலில் அந்த 6 கிலோ. ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமத்த 6 கிலோ பாரம் வேணும் என்பதுதான் அது. உதாரணத்துக்கு முன் சில்லு ஒன்றில் 250 கிலோ பாரம் என்று வைப்போம். சில்லு, பிரேக், அச்சு என்று 35 கிலோவைக் கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 215. மில்லிமீற்றருக்கு 2 கிலோவான மெல்லிய ஸ்பிரிங் என்றால், கார் நிற்கும்போது 107 மில்லிமீற்றர் அமர்ந்திருக்கும். சில்லு பள்ளத்துக்குள் இறங்கும்போது அது நீண்டு கொடுக்க அவ்வளவு இருக்கிறது. 6 கிலோ ஸ்பிரிங் 36 மில்லிமீற்றர்தான் அமர்ந்திருக்கும். சொக் இன்னும் 80 நீளக்கூடியது என்றால், கடைசி 44 மில்லிமீற்றருக்கு ஸ்பிரிங் எதையும் தாங்காமல் சும்மா கிலுகிலுத்துக்கொண்டு நிற்கும்.

இதைக் கணக்குப் போட்டு நான் படிக்கவில்லை, பட்டுத்தான் படித்தேன். என்ர சொந்தக் காருக்கு இப்படிக் கெட்டி ஸ்பிரிங் போட்டு, ஸ்பிரிங் குந்துகிற தட்டையும் நல்லாக இறக்கிவிட்டு, காரைநகர்ப் பக்கம் போய்த் திரும்பி வந்தேன். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிடப் போய் இடது முன் சில்லு தார் விளிம்பால் இறங்கி ஏறியது. அன்றிலிருந்து ஸ்ரேரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ‘கிளிக்’ ஒன்று. இரண்டு கிழமை ஸ்ரேரிங்கிலேயே குற்றம் தேடினேன். கடைசியில் சில்லைக் கழற்றிப் பார்த்தால், தளர்ந்த ஸ்பிரிங் தட்டின் உதட்டில் ஏறிக் குந்தியிருக்கிறது. ஆகவே நீளம் குறைந்த சொக் இருக்க வேணும், அல்லது தளர்வை எடுத்துக்கொள்ள மேலே ஒரு மெல்லிய ஹெல்ப்பர் ஸ்பிரிங் இருக்க வேணும். எங்கட றோட்டுக்கு முன் ஸ்பிரிங் 4 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது என்ர முடிவு. அண்ணா கனடாவில் வழுவழுப்பான றோட்டில் இருந்துகொண்டு யோசிக்கிறார்.

அடுத்தது, பெட்டியில் வருவது நேரே போல்ட்டில் பூட்டுகிற சாமான் இல்லை. கே.ஈ.70இல் ஸ்ட்ரட் குழாயும் சில்லின் அச்சும் ஒன்றாகவே சேர்த்துச் செய்யப்பட்டவை. பழைய ஸ்பிரிங் தட்டை வெட்டி எடுத்து, குழாயைச் சுற்றி ஒரு வளையம் வெல்டிங்கில் ஒட்டி, அதன்மேல் மரை வெட்டின குழாயை இறக்கி, உள்ளே குட்டைச் சொக்கை விடுவதுதான் வழமை. வெட்ட முன்னர் பழைய சொக்கையும் எண்ணெயையும் முற்றாக எடுத்துவிட வேணும். எண்ணெயுள்ள மூடின குழாயில் நெருப்பு வைப்பது குண்டுக்கு வைப்பது போலத்தான். ஸ்பிரிங்கைக் கழற்றவும் அதை அமத்திப் பிடிக்கிற கொம்பிரசர் வேணும். கயிற்றால் கட்டிக் கழற்றப் பார்த்து விரல் இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒட்டுகிற வேலையைப் படலை ஒட்டுகிறவரிடம் கொண்டுபோகாதேங்கோ. உங்கட முன் சில்லு தொங்கப்போவது அந்த ஒட்டில்தான்.

இரண்டு அங்குலக் கதைக்கு வருவோம். இப்போது காரை முன்னாலிருந்து குனிந்து பார்த்தால் லோவர் ஆம் ஏறத்தாழ மட்டமாகவோ, வெளிப்பக்கம் சற்றுச் சரிந்தோ இருக்கும். இரண்டு அங்குலம் பதித்தால் அதன் வெளிமுனை மேலே தூக்கிவிடும். அப்போது, கார் சரிகிறபோது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கினதைவிடக் கூட இறங்கிவிடும். அதாவது வடிவுக்காகப் பதித்த கார் முன்னையதைவிடக் கூடச் சரியப் பார்க்கும். அதை மறைக்கத்தான் கெட்டி ஸ்பிரிங் போடுகிறார்கள், பிறகு இடுப்பு நோகுது என்கிறார்கள். பின்பக்கத்தில் அச்சைக் குறுக்காகப் பிடித்திருக்கும் லற்றரல் றொட்டும் பதிக்கப் பதிக்க அச்சை ஒரு பக்கம் தள்ளும். ரயர் ஒரு மட்காட்டில் முட்டி மற்றதில் விலகி நிற்கும்.

25 மில்லிமீற்றரோடு நிறுத்துங்கோ. மாரியில் உங்கட ஒழுங்கை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வளவுக்குள் ஏறுகிற இடத்து மதகில் அடிப்பாகம் உரசினால் எந்த வடிவும் மிஞ்சாது.

பூட்டின பிறகு உயரத்தை நிலத்திலிருந்து அளக்காதேங்கோ, நிலமும் ரயர்க் காற்றும் ஏமாற்றும். சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புக்கு அளவுங்கோ. புஷ் போல்ட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே கடைசியாக இறுக்க வேணும். தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். சொக் திருகியை முழுக்க இறுக்கி, அங்கிருந்து எத்தனை ‘கிளிக்’ தளர்த்தினீர்கள் என்று எழுதி வையுங்கோ, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. பிறகு சில்லுகளின் கோணம் பார்க்கிற அலைன்மென்ற். லைற்றும் சரிபார்க்க வேணும், முன்பக்கம் இறங்கினால் வெளிச்சமும் இறங்கும். காப்புறுதிக் கம்பனிக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுங்கோ.

இன்னொன்று, கடல் காற்று. பண்ணைப் பாலத்தாலும் தீவுப் பக்கமும் ஓடுகிற காரில் கொயிலோவரின் மரைக்குள் உப்பு போய் இருக்கும். ஆறு மாதம் தொடாமல் விட்டால் உயரம் மாற்றுகிற வளையம் இறுகிவிடும், பிறகு உளியும் சுத்தியலும்தான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணியால் கழுவி, காயவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, செப்புக் கிறீஸ் பூசுங்கோ.

கேள்வி: என்னிடம் மொறிஸ் மைனர் இருக்கிறது. அதற்கும் முன்பக்கம் கொயிலோவர் செற் வருகிறதாமே, போடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சண்டிலிப்பாய்

பதில்: ஐயா, வேண்டாம். 1948இல் வெளிவந்த அந்தக் காருக்கு அலெக் இசிகோனிஸ் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீட்டுவாக்கில் முறுக்குக் கம்பி கொடுத்திருக்கிறார். அதன் பாரம் காரின் அடித்தகட்டுக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தில்தான் போய் விழுகிறது. கொயிலோவர் போட்டால் அதே பாரம் முன்னால், வேறு வேலைக்குச் செய்த தகட்டில் ஏறும். மேலே இருக்கும் பழைய நெம்புகோல் சொக்கும் வெறும் சொக் இல்லை, மேல் ஆமே அதுதான். அதைக் கழற்றினால் வேறு ஆம் செய்ய வேணும். உயரம் மாற்ற வேணும் என்றால் அந்த வசதி காரிலேயே இருக்கிறது. முறுக்குக் கம்பியின் பின்முனையைப் பல் மாற்றிப் பூட்டினால் கார் ஏறும், இறங்கும்.

போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த கார்கள் இவை, ஐயா. கார்பரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போதும் அவை வழியில் விழுந்ததென்றால் பெரும்பாலும் கிறீஸ் இல்லாமல்தான். முன் சில்லு திரும்பும் முளை, மேலும் கீழும் மரைக்குள் நிற்கிறது. அந்த மரை காய்ந்து தேய்ந்தால் ஒருநாள் சில்லு அப்படியே மடிந்து படுத்துவிடும். முன்பக்கத்தைத் தூக்கி, பாரம் இல்லாமல் தொங்கவிட்டு, நிப்பிள்களில் பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கோ. செற்றுக்கு வைத்த காசில் கிறீஸ் அடிக்கிற கன் ஒன்று வாங்கினால் போதும்.

கேள்வி: தம்பி காரைப் பதித்துவிட்டான். முழங்கால் வருத்தமுள்ள அம்மாவுக்கு ஏறி இறங்க முடியவில்லை. அவனுக்குத் தெரியாமல் உயர்த்தலாமா?
— வாசகி, உடுவில்

பதில்: தங்கச்சி, மாற்றக்கூடிய செற் என்றால் உயர்த்தலாம், அதற்காகத்தான் அந்த மரையே. ஆனால் தெரியாமல் வேண்டாம். வளையம் திருப்புகிற கொக்கி ஸ்பனர் அவனிடம்தான் இருக்கும். உயர்த்தினால் முன் சில்லுகளின் கோணமும் மாறும், அலைன்மென்ற் திரும்பப் பார்க்க வேணும், அந்தக் காசை அவனே கட்டட்டும். அளக்கிறபோது அம்மாவையும் முன் சீற்றில் இருத்துங்கோ.