வீட்டுக்குள் வைத்த சக்குலண்ட் (தடித்த இலையில் தண்ணீர் சேர்த்துவைக்கும்) செடி நெட்டையாக வளர்ந்து சாய்கிறது. பழைய வடிவத்துக்கு வருமா?

நீண்ட தண்டு மறுபடி சுருங்காது. பூவிதழ் அடுக்குப்போல இலை விடும் எச்சிவீரியா என்ற சக்குலண்டைத் தஞ்சாவூர் வாடகை வீட்டின் தெற்கு ஜன்னலில் வைத்திருப்பதாகவும், இலைகள் விலகி தண்டு ஒரு சாண் நீண்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டும். பயப்படாதீர்கள், வெட்டினால் ஒன்று நாலைந்தாகும்.

நம் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். இருட்டறையில் வைப்பதால்தான் அந்தப் பயிர் வெளிறி, மளமளவென்று உயர்கிறது. உங்கள் செடிக்கும் அதுதான் நடக்கிறது. வெளிச்சம் போதாதபோது தண்டின் செல்கள் நீளும். இந்த நிலையில் தண்ணீரும் உரமும் கூடக் கொடுத்தால் இன்னும் வேகமாக நீளும். வயதான செடியில் அடியிலைகள் காய்ந்து உதிர்ந்து தண்டு தெரிவது வேறு. அங்கே உச்சி இலைகள் நெருக்கமாகவே இருக்கும். இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால்தான் வெளிச்சக் குறை.

தெற்கு ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நானும் அதில் இரண்டு வருஷம் ஏமாந்தேன். இணையத்தில் எங்கே தேடினாலும் ‘தெற்கு ஜன்னலில் வையுங்கள்’ என்றுதான் இருக்கும். அது அமெரிக்கா, ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளுக்குச் சரி. அங்கே சூரியன் உச்சிவேளையில் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். தஞ்சாவூர் இருப்பதோ வடக்கு அட்சரேகை 11 டிகிரிக்குப் பக்கத்தில். சித்திரை முதல் வாரம் கழிந்தால் ஆடி முடியும்வரை சூரியன் நாள் முழுக்க நமக்கு வடக்கேதான் போகும். அந்த நாலு மாதமும் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் துளிகூட விழாது. மார்கழியில் வெயில் உள்ளே வருவதைப் பார்த்து அங்கே வைத்திருப்பீர்கள். வைகாசியில் செடி நீள ஆரம்பித்திருக்கும்.

வருஷம் முழுக்க நம்பக்கூடியது கிழக்கு ஜன்னல். காலை வெயில் மூன்று நாலு மணி நேரம் கிடைத்தால் போதும். பழைய வீடாக இருந்தால் முற்றத்து ஓரம் அருமையான இடம். இரண்டுமே இல்லையென்றால் 20 வாட் வெள்ளை எல்இடி பட்டி விளக்கை ஒரு சாண் உயரத்தில் கட்டி, தினமும் 12 மணி நேரம் எரியவிடுங்கள். எப்படியானாலும் ஒரேயடியாக வெயிலுக்கு மாற்றக் கூடாது, இலை வெந்துவிடும். அரை மணி நேரத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழக்குங்கள்.

இனி வெட்டுவது. உச்சியில் பூப்போல நிற்கும் இலைக்கொத்துக்குக் (அதுதான் தலை) கீழே ஒரு அங்குலத் தண்டு விட்டு, சுத்தமான பிளேடால் நறுக்குங்கள். அடிக்கட்டையில் நாலைந்து இலைகள் நிற்கட்டும். வெட்டிய தலையை நிழலில் நாலைந்து நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். அடிக்கட்டையில் ஒரு மாதத்தில் பக்கமுளைகள் வரும். நடுவில் உதிரும் இலைகளையும் எறியாதீர்கள். அடி கிழியாமல் முழுதாக வந்த இலையை மண்மேல் கிடத்தினால் அதிலும் குஞ்சுச் செடி பிறக்கும்.

நம்ம வயல் மண் மட்டும் வேண்டாம். டெல்டாவின் களி கலந்த வண்டல் நெல்லுக்குத் தங்கம். இந்தச் செடிக்கோ தண்ணீரைப் பிடித்து வைத்து வேரை அழுகடிக்கும். கொரகொரப்பான ஆற்றுமணல், உடைத்த செங்கல் துண்டு, ரைஸ்மில்லில் கிடைக்கும் உமிக்கரியைக் கழுவி எடுத்தது, கொஞ்சம் மக்கிய எரு, இவ்வளவுதான் என் கலவை. பச்சை உமியைப் போடாதீர்கள், தொட்டியிலேயே மக்க ஆரம்பிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வெட்டவே வேண்டாம். முதல்முறை நான் அடைமழையில் வெட்டினேன். காற்றின் ஈரத்தில் வெட்டுவாய் காயவே இல்லை; ஆறு தலைகளும் கறுத்து அழுகிப் போயின, இன்றும் மனசு கேட்கவில்லை. தை, மாசிதான் சரியான காலம். இப்போது மழைக்காலமாக இருந்தால் குச்சி நட்டுத் தாங்கல் கொடுத்து, தண்ணீரைக் குறைத்து, கிழக்கு ஜன்னலுக்கு மட்டும் மாற்றி வையுங்கள். பொங்கல் கழிந்ததும் வெட்டலாம்.