கழுத்தில் படிந்த கருமை

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. உயரம் 152 செ.மீ., எடை 68 கிலோ. ஒரு வருடமாகக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்துக்கொண்டே வருகின்றன. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். எலுமிச்சைச் சாறு, கடலை மாவு, சமையல் சோடா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பள்ளியில் “குளிக்க மாட்டாயா?” என்று கேட்கிறார்களாம். தலைமுடியைத் தூக்கிக் கட்டவே மறுக்கிறாள். வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா? எந்த கிரீம் போடலாம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த நாரைத் தூக்கி எறியுங்கள். அடுத்து, மகளை அருகில் உட்காரவைத்து, “இது அழுக்கு இல்லையாம், டாக்டரே சொல்லிவிட்டார்” என்று சொல்லுங்கள். இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வரும் பெண் பிள்ளைகள் பலர், துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். துப்பட்டாவை விலக்கினால் கருமையின் மேல் சிவப்புச் சிவப்பாகக் கீறல்கள். தேய்த்துத் தேய்த்து வந்த புண்கள் அவை. பார்க்கவே மனம் வலிக்கும்.

விரல் நுனியால் மகளின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் மெத்தென்று, சற்றுத் தடித்து, வரி வரியாக இருந்தால், அது பெரும்பாலும் ‘அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்’ என்ற தோல் மாற்றமாகத்தான் இருக்கும். அதற்கான காரணம் தோலில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது.

சோறு, இட்லி, பிஸ்கட் எதைச் சாப்பிட்டாலும் அது குளுக்கோஸாக மாறுகிறது. அதைச் செல்களுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்துவிட்டால், இன்சுலின் சொல்வதைச் செல்கள் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. அதனால் தொடக்கத்தில் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். இன்சுலின் மட்டும் எகிறியிருக்கும். அந்த மிகையான இன்சுலின் தோல் செல்களையும் வேகமாக வளரத் தூண்டுகிறது. தோல் தடித்து மடிகிறது, தடித்த இடம் கருப்பாகத் தெரிகிறது. சோப்பு போட்டு எப்படிப் போகும்?

எனவே சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். மகள் சாப்பிடும், குடிக்கும் எல்லாவற்றையும் மூன்று நாட்களுக்கு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். திட்டாமல் எழுதவிடுங்கள், அப்போதுதான் உண்மை வரும். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் மூன்று வேளைச் சாப்பாட்டைவிட மாலை நான்கு மணிக்குத்தான் இருக்கிறது. பசியோடு வரும் பிள்ளைக்குச் சர்க்கரை போட்ட சத்து பானம், கூடவே கிரீம் பிஸ்கட் அல்லது பன். இடையில் ஒரு குளிர்பானம். 300 மி.லி. குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி இருக்கிறது. பாக்கெட் பழச்சாறும் பெரிதாக மாறுபட்டதல்ல. அந்த நேரத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ, அவித்த முட்டையோ, ஒரு கொய்யாப் பழமோ கொடுங்கள். இந்த ஒரு மாற்றத்தையே நான் முதலில் கேட்பேன்.

அரிசியை அடியோடு நிறுத்த வேண்டாம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ இருக்கட்டும். சிறுதானியம் நல்லதுதான், ஆனால் கேழ்வரகு மாவைக் கூழாகக் காய்ச்சி வெல்லம் போட்டுக் கொடுத்தால் அதுவும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். பட்டினி மட்டும் கூடவே கூடாது; வளரும் வயது, மாதவிடாய் வரும் வயது, இரும்புச்சத்தும் புரதமும் நிறையத் தேவை. அவளுக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஒதுக்காதீர்கள். வீடே ஒரே சாப்பாட்டைச் சாப்பிடட்டும். தினமும் ஒரு மணி நேரம் ஓடி ஆடட்டும். ஸ்கிப்பிங், சைக்கிள், இறகுப்பந்து, எது பிடிக்கிறதோ அது.

வைட்டமின் மாத்திரை இதற்குப் பயன்படாது. பி12 குறைந்தாலும் தோல் கருக்கும் என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் விரல் மூட்டுகளின் மேல்தான் தெரியும். கிரீம்களில் சில, தடிப்பை ஓரளவு குறைக்கும்; தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது தோலை மெலிதாக்கி, பருக்களையும் கொண்டுவரும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது), கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளைச் செய்யுங்கள். ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 மி.கி. வரை, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, முகவாயில் முடி வளர்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

எடை குறையத் தொடங்கிய பிறகும் தோல் தெளியச் சில மாதங்கள் பிடிக்கும். தினமும் கண்ணாடியில் பார்த்து மகள் சோர்ந்துபோவாள். இன்று ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள், அடுத்ததை மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் எடுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். அதை மகளே எடுத்துக் காட்டட்டும்.