ஆப்பிள் சாற்றில் காரீயம்: எந்த அறிக்கை சரி?

கேள்வி: தோட்டத்து ஆப்பிளைப் பிழிந்து சாறாக விற்கிறேன். ஒரே தொகுதிச் சாற்றை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். ஒன்று காரீயம் கிலோவுக்கு 0.05 மி.கி. என்கிறது, மற்றது ‘கண்டறியப்படவில்லை’ என்கிறது. எதை நம்புவது?

பதில்: ‘கண்டறியப்படவில்லை’ என்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்த ஆய்வகத்தால் எவ்வளவு குறைந்த அளவு வரை அளக்க முடியும் என்று கேளுங்கள். ஆப்பிள் சாற்றில் காரீயத்துக்கு கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு விதித்த உச்சவரம்பு கிலோவுக்கு 0.03 மி.கி. மாதிரியைச் சுடரில் செலுத்தி உலோகத்தை அளக்கும் ஃபிளேம் ஏ.ஏ.எஸ். கருவி இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துத் தனிமங்களுக்குப் போதும். காரீயம், காட்மியத்துக்கு இன்னும் நுண்ணிய அளவையும் காணும் கிராஃபைட் உலையோ ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியோ வேண்டும், கிலோவுக்கு 0.01 மி.கி.யையாவது உறுதியாக அளக்க வேண்டும்.

அதற்காக 0.05 என்பதும் அப்படியே உண்மையாகிவிடாது. பாட்டிலே காரணமாக இருக்கலாம். பாலிஎத்திலீன் பாட்டிலை 10% நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசிய பிறகே சாறு பிடிக்க வேண்டும். அமில வேலையை ஆய்வகத்திடமே விடுங்கள். கழுவிய பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் மூடியும் பவுடர் கையுறையும் துத்தநாகத்தைக் கூட்டிக் காட்டும். கலனை நன்றாகக் கலக்கிவிட்டுப் பிடியுங்கள். தெளிந்த மேல்சாற்றை மட்டும் எடுத்தால் சக்கையோடு ஒட்டிய உலோகம் கணக்கில் வராது.

இன்னொரு பாட்டிலில் அயனி நீக்கிய நீரை மட்டும் நிரப்பி, சாற்றோடு சேர்த்து அனுப்புங்கள். அதிலும் காரீயம் தென்பட்டால் பழத்தைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த வெற்று மாதிரியைத்தான்.

ஆய்வகத்தில் சாற்றை நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து மைக்ரோவேவ் கலனில் முழுதாகச் சிதைக்க வேண்டும். சர்க்கரையின் கார்பன் மிஞ்சினால் ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸில் ஆர்சனிக் கூடுதலாகக் காட்டும். தெரிந்த அளவு காரீயத்தைச் சாற்றில் சேர்த்து அளந்தால் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்றும் கேளுங்கள். 80-க்கும் 110-க்கும் இடையில் இருந்தால் நம்பலாம்.

அப்போதும் 0.03-ஐத் தாண்டினால், கழுவாத பழம், கழுவிய பழம், பிழிந்த சாறு, வடிகட்டிய சாறு, பாட்டில் சாறு என்று கட்டம் கட்டமாக மாதிரி எடுங்கள். எந்தக் கட்டத்தில் ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. சாற்றின் புளிப்பு பித்தளை வால்விலிருந்தும் பற்றவைப்பிலிருந்தும் காரீயத்தைக் கரைத்தெடுக்கும். வடிகட்ட டயட்டமி மண் (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான தூள்) பயன்படுத்தினால் ஆர்சனிக்கையும் சேர்த்துச் சோதியுங்கள். கழுவாத பழத்திலேயே கூடுதலாக இருந்தால் மண்ணைச் சோதியுங்கள். முன்பு லெட் ஆர்சனேட் (காரீயமும் ஆர்சனிக்கும் அடங்கிய பழைய பூச்சிக்கொல்லி) தெளித்த பழைய தோட்டமென்றால் காரீயம் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கும். உதிர்ந்து மண்ணில் கிடந்த பழத்தைச் சாற்றுக்குச் சேர்க்காதீர்கள்.