ஆர்கேட் கன்ட்ரோல் பேனலுக்கு 12 மி.மீ. பலகையா, 18 மி.மீ. பலகையா?

ஆர்கேட் வீடியோ கேம் பெட்டியில் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்தும் பலகைதான் கன்ட்ரோல் பேனல். அந்தப் பலகையை வாங்கும் முன் ஜாய்ஸ்டிக், பட்டன் இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். தடிமனைத் தீர்மானிப்பது அவைதான்.

ஹாப் (Happ) நிறுவனத்தின் பாகங்கள் போன்ற அமெரிக்க வகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு 18 மி.மீ. பிளைவுட் எடுக்கலாம். அந்த பட்டன்களின் மரை நீளமானது, தடித்த மரத்துக்காகவே செய்தது. துளை சுமார் 28 மி.மீ.

சான்வா (Sanwa) நிறுவனத்தின் பாகங்கள் போன்ற ஜப்பானிய வகையில்தான் சிக்கல். அவை மெல்லிய உலோகத் தகட்டை மனத்தில் வைத்துச் செய்தவை. சான்வாவின் ஜேஎல்எஃப் (JLF) மாடல் ஜாய்ஸ்டிக்கை 18 மி.மீ. பலகைக்கு அடியில் அப்படியே பொருத்தினால், தண்டு மேலே போதிய அளவு நீட்டிக்கொண்டிருக்காது. பிடித்து ஆடவே வராது. அடிப்பக்கத்தை ரூட்டரால் (மரம் குடையும் மின்கருவி) குடைந்து, அந்த இடத்தில் மட்டும் பலகையை மெலிதாக்க வேண்டும். 30 மி.மீ. பட்டனிலும் கிளிப் வகை தடித்த மரத்தைக் கவ்வாது. மரை வகையை வாங்குங்கள், அதற்கும் மரை எத்தனை மி.மீ. பலகை வரை எட்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட்டர் இல்லையா? 12 மி.மீ. எடுத்து, அடியில் குறுக்குச் சட்டம் அடியுங்கள். இல்லாவிட்டால் ஆவேசமாக ஆடும்போது பலகை அமுங்கும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) குடைய சுலபம்தான், ஆனால் குடைந்த இடத்தில் ஸ்க்ரூ சீக்கிரம் பிடி விட்டுவிடும். போல்ட்டும் நட்டும் போடுங்கள்.