அரசு மேல்நிலைப் பள்ளியில் பையனை 9ஆம் வகுப்பில் சேர்க்கலாமா? பாதுகாப்பும் ஒழுக்கமும் எப்படி இருக்கும்?

சேர்க்கலாம்.

இதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரம் கொஞ்சம் சுட்டுவிட்டது. மெட்ரிக் பள்ளியில் எட்டு முடிக்கப் போகிறான், "அங்கெல்லாம் ரவுடிப் பசங்க, வாத்தியாரையே அடிப்பானுங்க" என்று உங்கள் மச்சினர் பயமுறுத்துகிறார், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் தரும் 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைக்குமா என்றும் தெரிய வேண்டும். ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. நானாகத்தான் யூகிக்கிறேன். தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூனில் டிசியும் சாதிச் சான்றிதழும் நகலெடுக்க வருகிறவர்களில், எட்டாம் வகுப்போடு பள்ளி மாற்றுகிறவர்கள் காரணம் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். கொள்ளையடித்தவர்கள் மாதிரி நிற்பார்கள். எதற்கு?

என் மகன் தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறான், இப்போது பிளஸ் ஒன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். அதனால் ஒருபக்கச் சாய்வு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். "ஒரு ஸ்கூலை வைத்து எல்லா ஸ்கூலையும் சொல்லாதே" என்று கமெண்டில் வரப் போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் பார்த்த பள்ளியைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

ஒழுக்கம் என்று பள்ளி சொல்வதும் பாதுகாப்பு என்று நீங்கள் நினைப்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள். எனக்கு இது விளங்கியது ஒரு தண்ணீர் பாட்டிலால்.

அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, காலையில் கொடுத்தனுப்பும் பாட்டில் சாயங்காலம் கழுத்துவரை நிரம்பியபடியே திரும்பி வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவான். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". வேறு எதையும் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. கடைசியில் அவனோடு படிக்கிற ஒரு பையன், பிராஜெக்டுக்குப் படம் பிரிண்ட் போடக் கடைக்கு வந்தவன், என் கேள்விக்குத் தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

"இன்டர்வெல்ல யாரும் டாய்லெட் பக்கம் போக மாட்டோம் ஆன்ட்டி. பிளஸ் டூ அண்ணன்மாரு நிப்பாங்க. உள்ள போனா கதவைப் பிடிச்சு இழுப்பாங்க, கொக்கி கிடையாதுல்லா. போன்ல படம் எடுத்துருவேம்பாங்க. பத்து இருபது இருந்தா குடுத்துட்டு வந்துரணும்."

மறுநாள் பள்ளிக்குப் போனேன். ஹெச்.எம். அறை வாசலில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். குற்றம் என்ன தெரியுமா? தலைமுடி. காதுக்கு மேலே ஒட்ட மழித்து உச்சியில் மட்டும் விட்டிருந்தார்கள். பி.டி. சார் ஒவ்வொருவன் தலையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, பேண்ட்டின் கீழ் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். நெஞ்சில் அடித்துச் சொல்கிறேன், ஸ்கேல் வைத்துத்தான் அளந்தார். "நாளைக்கு அப்பாவோட வரலைன்னா உள்ள விட மாட்டேன்." அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கழிவறை. அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆளும் இல்லை.

ஹெச்.எம். கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், முழுசாகக் கேட்டார். பிறகு அவர் பாட்டைச் சொன்னார். வாட்ச்மேன் பணியிடம் காலி. கழிவறை சுத்தம் செய்கிற அம்மாவுக்குச் சம்பளம் நேரத்துக்கு வருவதில்லை. ரெண்டு பாடத்துக்கு வாத்தியாரே இல்லை. "இதுல டாய்லெட் வாசல்ல நான் யாரைம்மா நிப்பாட்ட? பையனைப் பேர் சொல்லச் சொல்லுங்க, டிசி கிழிச்சு அனுப்பிருதேன்."

பெயர் சொல்ல மாட்டோம் என்றேன். டிசி வாங்கினவன் பள்ளிக்கு வெளியேதான் இருப்பான், என் பையன் வெளியே வந்துதானே பஸ் ஏற வேண்டும்? யார் செய்தது என்பதைவிட ஏன் அந்த இடத்தில் செய்ய முடிகிறது என்று பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சார் முகம் சுருங்கியது.

அடுத்து வந்தது மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தலைவரும் ஒரு பெற்றோர்தான். பல ஊர்களில் டீயையும் வடையையும் கொடுத்து "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள், நாமும் வேலை கிடக்கிறதே என்று போட்டுவிட்டு வருகிறோம். அன்றைக்கும் பாதி நேரம் முடியைப் பற்றித்தான் பேச்சு. ஊரில் சலூன் வைத்திருக்கும் ஒரு அப்பாவும் உறுப்பினர். "ஒன்சைடு கட்டிங் யாருக்கும் வெட்டக் கூடாதுன்னு உங்களுக்கு லெட்டர் குடுத்தோமே" என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதர் பொறுமையாக, "நான் வெட்டலைன்னா பஸ் ஏறிப் போய் வெட்டிக்கிடுவான் சார், அவனுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம், பி.டி. சார் உட்பட.

சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுந்து பாட்டில் கதையைச் சொன்னேன். சட்டென்று இன்னும் ரெண்டு அம்மாக்கள் "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார்கள். தலைவியாக இருந்தவர் பீடி சுற்றுகிற அக்கா, கூட்டத்தில் வாயே திறக்காதவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கொக்கி மாட்ட எவ்வளவு ஆகும்?"

தச்சுவேலை பார்க்கும் ஒரு அப்பா அந்த வாரமே மாட்டிக் கொடுத்தார். 9, 10க்கு ஒரு நேரம், பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு நேரம் என்று இன்டர்வெல்லைப் பிரித்தார்கள். பி.டி. சாரின் நாற்காலியை கழிவறைக்கு எதிரே இருக்கிற வேப்பமரத்தடிக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். கேமரா வைக்கவில்லை, போலீஸ் வரவில்லை, யாருக்கும் டிசி கொடுக்கவில்லை. பாட்டில் பாதியாகத் திரும்ப ஆரம்பித்தது. அந்தப் பெரிய பையன்களில் ஒருவன், சின்ன வகுப்பில் இருந்தபோது தானும் அங்கே காசு கொடுத்தவன்தான் என்று பிறகு சொன்னார்கள். அதைக் கேட்டு நான் ஒன்றும் உருகிவிடவில்லை.

இந்த இடத்தில் "அந்தக் காலத்துல பிரம்பு இருந்துச்சு, பயம் இருந்துச்சு" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். என் கடைக்கு வருகிறவர்களிலேயே பாதிப் பேர், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று வாத்தியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைதான். மேல் வகுப்புக்கு இல்லையே என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதியை 2003இலேயே திருத்தி, மாணவருக்கு உடல் வலியோ மன வலியோ தரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் வாத்தியார்களுக்கு எதிரி இல்லை. ஒரு வகுப்பில் அத்தனை பேரை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நான் சொல்வது, பிரம்பு இருந்த காலத்திலும் அந்தக் கழிவறை வாசலில் ஒரு வாத்தியாரும் நின்றதில்லை என்பதைத்தான். வேண்டுமானால் உங்கள் அண்ணன், அப்பா யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

பிரம்புக்குப் பதிலாக இப்போது வந்திருப்பது "அப்பாவைக் கூட்டிட்டு வா". மில் வேலைக்கோ கொத்து வேலைக்கோ போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. மகன் தலைமுடிக்காகக் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிற மனிதர், அங்கே தலையாட்டுவார், வீட்டுக்குப் போய் அவனைப் போட்டுச் சாத்துவார். அடி இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, மறைத்துப் பேசினால் பதில் பொய்யாகிவிடும். சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள், தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. கயிறை வெட்டியது எங்கள் பள்ளியில் முன்பே நடந்தது. வெட்டிய வேகத்தில் சைக்கிள் மட்கார்டில் அதே நிறத்தில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. அதைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. தெற்கு என்றால், பையன் யாரோடு பஸ்ஸில் போகிறான், யாரோடு திரும்புகிறான் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இலவச பஸ் பாஸ் கொடுத்தார்கள், சரி. பஸ் நிற்க வேண்டுமே? பள்ளி விடுகிற நேரத்தில் ஸ்டாப்பில் யூனிஃபார்மைக் கண்டதும் டிரைவர் அம்பதடி தள்ளிப் போய் நிறுத்துவார். பிள்ளைகள் பையோடு ஓடுவார்கள். ஏறுவதற்குள் விசில். அப்புறம் படியில் தொங்குகிறானுங்க என்று அதே பிள்ளைகளை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டு "சீரழிந்த இளைய தலைமுறை" என்று எழுதுகிறார்கள். மனு மேல் மனு என் கடையில்தான் டைப் செய்தோம். பதில் கடிதம் வந்தது, கூடுதல் பஸ் வரவில்லை. விடுங்கள்.

உங்கள் மச்சினரிடம் ஒன்று கேளுங்கள். 2004இல் கும்பகோணத்தில் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் செத்தார்களே, அது தனியார் நடத்திய பள்ளிதான். 2012இல் சென்னையில் ஸ்கூல் பஸ்ஸின் ஓட்டை வழியாகக் கீழே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள், அதுவும் தனியார் பள்ளிப் பிள்ளைதான். 2021 டிசம்பரில் நெல்லையில் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தது அரசு உதவிபெறும் பள்ளியில். அரசுப் பள்ளிகள் சொக்கத்தங்கம் என்று சொல்லவில்லை. போர்டைப் பார்த்துப் பாதுகாப்பை முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

சேர்க்கப் போகும் பள்ளியை அட்மிஷன் அன்றைக்குப் பார்க்காதீர்கள், அன்றைக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கும். பள்ளி நடக்கும் ஒரு நாளில் ஏதாவது காரணம் சொல்லி இன்டர்வெல் நேரத்துக்குப் போங்கள். கழிவறைக்குக் கொக்கி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆசிரியராவது இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். "மாணவர் மனசு" என்று ஒரு புகார்ப் பெட்டி எல்லா அரசுப் பள்ளிகளிலும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பூட்டைப் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் யாரும் திறப்பதில்லை என்று அர்த்தம். பையனிடம் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக்கல்வி உதவி எண்) இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், ரெண்டுமே இலவசம். பாலியல் தொல்லை என்று ஏதாவது காதில் விழுந்தால் மட்டும் பள்ளிக்குள் பேசித் தீர்க்க உட்காராதீர்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "ஸ்கூல் பேரு கெட்டுரும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

7.5 விஷயம். 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் எட்டு வரை படித்துவிட்டு, 9இலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. உங்கள் பையன் ஃபீஸ் கட்டிப் படித்தவன் என்றால் 9இல் சேர்த்தாலும் கிடைக்காது. கல்லூரிக்குப் போனதும் வருகிற தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகைக்கும் 6ஆம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. இந்த ரெண்டையும் நம்பி மாற்றாதீர்கள். மற்றபடி டிசியை ஜூன் வரை இழுத்தடிக்காமல் இப்போதே கேட்டு வாங்குங்கள், ஃபீஸ் பாக்கி என்று பிடித்துவைக்கிற பள்ளிகள் உண்டு.