முதல் வேலை எங்கே? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

செயற்கை நுண்ணறிவும் வேலைவாய்ப்பும் குறித்து வந்துள்ள கடிதங்களில் ஆறினை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பொறியியல் கலந்தாய்வில் கணிப்பொறி அறிவியலைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறாள். நிரல் எழுதும் வேலையைக் கருவிகளே செய்துவிடும் என்று சொல்லி, உறவினர்கள் வேறு பிரிவை எடுக்கச் சொல்கிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவளுக்கு வேலை இருக்குமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: வேலை இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால், அதற்குள் நுழையும் வழி இதுவரை இருந்ததுபோல் அகலமாக இருக்காது. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த நுழைவைப் பற்றித்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பிரிஞ்சோல்ஃப்சனும் அவருடைய குழுவினரும், அமெரிக்க நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரையிலானவர்களின் வேலைவாய்ப்பு, ஒப்பீட்டளவில் 13 விழுக்காடு குறைந்திருப்பதாக அது காட்டியது. மென்பொருள் எழுதுவதும் வாடிக்கையாளர் சேவையும் அத்தொழில்களில் அடங்கும். அதே தொழில்களில் இருந்த மூத்தவர்களுக்கு அத்தகைய சரிவு நேரவில்லை. இது அமெரிக்கக் கணக்கு என்பதால் நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால், நம் மென்பொருள் நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான புதியவர்களைக் கல்லூரி வளாகங்களிலேயே தேர்ந்தெடுத்து, சில மாதங்கள் பயிற்சி அளித்து, சோதனை செய்தல், சிறு பிழைகளைத் திருத்துதல், ஆவணம் எழுதுதல் போன்ற எளிய பணிகளில் அமர்த்தி, அவற்றின் வழியாகவே அவர்களைத் தேர்ந்த பொறியாளர்களாக்கும் முறை அது. கருவிகள் முதலில் கைவைப்பது இந்த எளிய பணிகளில்தான். நிறுவனத்துக்கு அது செலவுக் குறைப்பாகத் தோன்றுகிறது. புதியவருக்கோ தொழில் கற்கும் இடமே போய்விடுகிறது.

இது தவிர்க்க முடியாத விதி அன்று. இதே பிரிஞ்சோல்ஃப்சன் வேறு இருவரோடு சேர்ந்து, வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, கருவியின் துணையால் வேலைத்திறன் சராசரியாக 14 விழுக்காடும், புதியவர்களிடம் 34 விழுக்காடும் கூடியிருந்தது. அதாவது, புதியவரை விரைவில் தேற்றும் துணையாகவும் அக்கருவியைப் பயன்படுத்தலாம். புதியவரே வேண்டாம் என்று சொல்வதற்கும் பயன்படுத்தலாம். இரண்டில் எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர் முதலாளிதான்.

மகளுக்கு இப்பாடத்தில் உண்மையான விருப்பம் இருந்தால் தடுக்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளாவது அவள் கருவியின் துணையின்றித் தானே நிரல் எழுதிப் பழக வேண்டும்; இயங்குதளம், வலையமைப்பு, தரவுக் கட்டமைப்பு ஆகிய அடிப்படைகளைத் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மெட்ர் என்ற அமைப்பு அனுபவம் வாய்ந்த 16 நிரலாளர்களைக் கொண்டு 2025இல் ஒரு சோதனை நடத்தியது. கருவியைப் பயன்படுத்தியபோது வேலையை முடிக்க அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 விழுக்காடு நேரத்தை மிச்சப்படுத்தியதாக நம்பியிருந்தார்கள். கருவி தந்ததைப் படித்து, அது சரியா என்று தீர்மானிக்கும் வேலை அவ்வளவு எளிதன்று. அந்தத் தீர்மானிக்கும் திறனுக்குத்தான் இனிச் சம்பளம் கிடைக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, வளாக நேர்காணலில் எத்தனை பேருக்குப் பணி ஆணை வந்தது என்று மட்டும் கேட்காமல், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் பணியில் சேர்ந்தார்கள், சேர்வதற்கு எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். அதை மறைக்காமல் சொல்லும் கல்லூரியை நான் மதிப்பேன்.

கேள்வி: நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன். கணிப்பொறி வந்தபோது வேலை போகும் என்று நாங்கள் கொடி பிடித்தோம். ஒருவருக்கும் வேலை போகவில்லை. இப்போதைய அச்சமும் அப்படிப்பட்டதுதானே?
– வாசகர், மதுரை

பதில்: ஐயா, தாங்கள் சொல்வது உண்மை. ஆனால் ஒருவருக்கும் வேலை போகாததற்குக் காரணம் தாங்கள் கொடி பிடித்ததுதான். வங்கி ஊழியர் சங்கங்களும், வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் 1983இல் செய்துகொண்ட ஒப்பந்தம், எந்த இயந்திரம் எங்கே எத்தனை வரலாம் என்பதற்கு வரம்பு கட்டியது. அதன் பின்னரே, வங்கிகளில் கணிப்பொறியைப் புகுத்துவது குறித்து ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் பரிந்துரைப்படிக் கிளைகளுக்குப் பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் வந்தன. அடுத்தடுத்த ஒப்பந்தங்கள் 1987இலும் 1993இலும் கையெழுத்தாகி, வரம்புகள் படிப்படியாகத் தளர்ந்தன. மாற்றம் மெல்ல நடந்ததால், பேரேடு எழுதியவரே கணிப்பொறியின் முன் அமரவும் முடிந்தது.

எனினும் இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2000–01இல் கொண்டுவரப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு இலட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். 2001இல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் கலைக்கப்பட்டன; எழுத்தர் நியமனமும் சில ஆண்டுகள் மிகவும் சுருங்கியது. உள்ளே இருந்தவர்கள் காக்கப்பட்டார்கள்; ஆனால் அந்த ஆண்டுகளில் பட்டம் பெற்று, வங்கித் தேர்வை நம்பிக் காத்திருந்த இளைஞர்கள் எந்தக் கணக்கிலும் ஏறாமலே போனார்கள். வேலைக்கே சேராதவர் சங்க உறுப்பினர் அல்லர். ஆட்குறைப்புப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. இப்போது நடப்பதும் பெரும்பாலும் இவ்வகை இழப்புதான் என்பதால், யாருக்கும் வேலை போகவில்லை என்ற செய்தி எனக்கு ஆறுதல் தருவதில்லை. தங்களைப் போன்ற மூத்த தொழிற்சங்கத்தினர் இன்றைய மென்பொருள் ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது நிறைய இருக்கிறது. ஒப்பந்தம் பேசுவது எப்படி என்பதையே அவர்களில் பலர் அறிய மாட்டார்கள்.

கேள்வி: வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கான பதிப்புப் பணி செய்யும் நிறுவனத்தில் காப்பி எடிட்டராகப் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது முதல் திருத்தத்தைச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடுகிறது. அதைச் சரிபார்ப்பது மட்டுமே எங்கள் வேலை. அன்றாடப் பக்க இலக்கை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிட்டார்கள். இந்தத் தொழிலில் நீடிக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: சென்னையும் புதுச்சேரியும் உலகின் ஆய்விதழ்ப் பதிப்புத் தொழிலில் எவ்வளவு பெரிய இடம் வகிக்கின்றன என்பதை நம்மில் பலர் அறியார். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வெளியாகும் ஒரு மருத்துவக் கட்டுரை, மேற்கோள் பட்டியல் ஒழுங்குபடுத்தல், கணிப்பொறிக்குப் புரியும்படி பகுதிகளைக் குறிக்கும் எக்ஸ்எம்எல் குறியிடல், மொழித் திருத்தம், பக்க அமைப்பு, மெய்ப்பு என்று பல கைகளைக் கடந்தே அச்சுக்குப் போகிறது. அந்தக் கைகளில் பல இங்கே இருக்கின்றன. ஆங்கில இலக்கியமும் அறிவியலும் படித்த நம் பெண்கள் பல்லாயிரம் பேருக்கு, சொந்த ஊரை விட்டு வெகுதொலைவு போகாமல் மதிப்பான சம்பளம் தந்த தொழில் இது. ஆகவே உங்கள் கேள்வியை ஒருவரின் கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தொழிலுக்குத் தானியங்கி புதிதன்று. மேற்கோள்களை இதழின் பாணிக்கு மாற்றுவதையும் பக்கம் அமைப்பதையும் மென்பொருள்கள் முன்பே எடுத்துக்கொண்டன. இப்போது வாக்கியத்தின் பொருளிலேயே இயந்திரம் கைவைக்கிறது. ஆசிரியர் 'தொடர்பு இருக்கக்கூடும்' என்று தயங்கி எழுதியதை 'காரணமாகிறது' என்று அது மெருகேற்றிவிட்டால், வாக்கியம் அழகாகத்தான் இருக்கும். ஆய்வு முடிவு பொய்யாகிவிடும். தப்பும் தவறுமான வாக்கியத்தில் பிழையைக் கண்டுபிடிப்பதைவிட, தங்குதடையின்றி ஓடும் வாக்கியத்தில் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே, சரிபார்ப்பதற்குப் பாதி நேரம் போதும் என்று கணக்கிட்டு இலக்கை இரட்டிப்பாக்கியது வேலையின் இயல்பை அறியாத முடிவு என்றே கருதுகிறேன். எக்செல் மென்பொருள் சில மரபணுக் குறியீடுகளைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அம்மரபணுக்களின் குறியீடுகளையே மாற்ற வேண்டி வந்தது. அவ்வளவு எளிய தானியங்கியே அத்தனை ஆண்டுகள் பிழை விதைத்தது.

பதிப்பகங்களுக்கும் இப்போது அச்சம் இருக்கிறது. வைலி நிறுவனத்துக்குச் சொந்தமான ஹிண்டாவி 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கும்பல்களே அதற்குப் பெருங்காரணம். டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தயாரித்து ஆஸ்திரேலிய அரசுக்கு அளித்த ஓர் அறிக்கையில், இல்லாத ஆய்வுகள் மேற்கோள்களாக இடம்பெற்றிருந்தது 2025இல் தெரியவந்து, ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேர்ந்தது. மேற்கோள் மெய்யா, படம் வேறெங்கிருந்தோ எடுக்கப்பட்டதா, அட்டவணையில் உள்ள எண்ணும் உரையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஆய்வு நேர்மைப் பணிகளை நோக்கி நீங்கள் நகரலாம். ஆசிரியருக்கு ஐயம் எழுப்பி எழுதும் பழக்கம் உள்ள காப்பி எடிட்டருக்கு அது அந்நியமான வேலையன்று.

இலக்கைப் பற்றி: தனியாகப் போய் முறையிடாதீர்கள். உங்கள் குழுவில் உள்ளவர்கள் சேர்ந்து, சில வாரங்களுக்கு ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆன நேரத்தையும், இயந்திரம் புதிதாக உண்டாக்கிய பிழைகளையும் வகைபிரித்துக் குறித்து வையுங்கள். கட்டுரையின் கடினத்துக்கு ஏற்ப வெவ்வேறு இலக்கு வேண்டும் என்ற கோரிக்கையை அந்தக் குறிப்புகளோடு எழுத்தில் கொடுங்கள். பிழையோடு வெளியான கட்டுரைக்கு வாடிக்கையாளர் நிறுவனத்தைத்தான் கேட்பார் என்பதால், இந்தக் கணக்கு அவர்களுக்கும் தேவை. நீடிக்கலாமா என்றால், நீடியுங்கள். ஆனால் இலக்கு இப்படியே இருந்தால், கண்ணையும் தோளையும் கெடுத்துக்கொண்டு நீடிக்க வேண்டாம்.

கேள்வி: எம்பிபிஎஸ் முடித்திருக்கிறேன். மேற்படிப்புக்குக் கதிரியக்கவியலை எடுத்தால் எதிர்காலம் இல்லை என்கிறார்களே?
– மருத்துவர், தஞ்சாவூர்

பதில்: செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன், 2016இலேயே, கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்றார், ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றும் சொன்னார். ஐந்தாண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன. இன்றும் பல நாடுகளில் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைதான். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்ப்பது அவர்களின் வேலையில் ஒரு பகுதியே. எந்தப் படம் தேவை என்று சொல்வதும், அறுவை மருத்துவரோடு கலந்து பேசுவதும், ஊசி செலுத்தித் திசு எடுப்பதும், அறிக்கையில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பதும் அதில் அடங்கும். விருப்பம் இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 12 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். செயற்கை நுண்ணறிவால் என் பணியிடம் தேவையில்லை என்று சொல்லி, இந்த வாரத்துக்குள் நானாகவே விலகல் கடிதம் தர வேண்டும் என்கிறது மனிதவளத் துறை. தராவிட்டால் அனுபவச் சான்றிதழில் பாதிப்பு வரும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பதில்: அன்பரே, முதலில், அந்த அறையில் அமர்ந்தபடியே எதிலும் கையெழுத்திடாதீர்கள். நீங்களாக விலகினால் சட்டத்தின் பார்வையில் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்புக்கான இழப்பீட்டுக்கு நீங்கள் உரிமை கோருவதும் மிகக் கடினமாகிவிடும். பணியிடம் தேவையில்லை என்பது நிறுவனத்தின் முடிவென்றால், அதை நிறுவனமே எழுத்தில் தர வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020இன்படி, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்ய, காரணம் குறிப்பிட்டு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். இவற்றோடு, வேறு திறன் கற்பதற்கான நிதியாக 15 நாள் ஊதியத்தையும் முதலாளி செலுத்த வேண்டும். அது 45 நாள்களுக்குள் தொழிலாளரின் கணக்குக்கு வர வேண்டும். மேலும், ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றங்களைப் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு 21 நாள்கள் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்ற விதி 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்தது. புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

நான் தொழிலாளரா என்று கேட்பீர்கள். சம்பளம் அதிகம் என்பதாலேயே ஒருவர் தொழிலாளர் அல்லாதவராகிவிடுவதில்லை. தொழில்நுட்ப வேலை செய்பவர் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார். முதன்மையாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரும்தான் வெளியே நிற்கிறார்கள். ஆகவே, உங்கள் பதவியின் பெயரைவிட, நாள்தோறும் நீங்கள் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதே முக்கியம். மேலாளர் என்ற பட்டத்தோடு நிரல் எழுதிக்கொண்டிருந்தால், அதற்கான சான்றுகளைத் திரட்டிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் இரகசியக் கோப்புகளை மட்டும் எடுக்காதீர்கள்.

அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டதை, நாள், நேரம், இருந்தவர்கள் பெயர் ஆகியவற்றோடு அன்றே மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலாக எழுதிவிடுங்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். அதற்குமுன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கத்தையோ கலந்துகொள்ளுங்கள். ஐந்தாண்டுப் பணிக்குப் பின் கிடைக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி உரிமை; நீங்களே விலகினாலும் அது உங்களுக்கு உண்டு. அதைச் சலுகைபோல் காட்டிப் பேரம் பேசினால் ஏமாறாதீர்கள்.

'செயற்கை நுண்ணறிவால்' என்று சொல்லப்படும் காரணத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. டிசிஎஸ் நிறுவனம் 2025 ஜூலையில் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு அன்று, திறன் பொருந்தாமையே என்று அதன் தலைமைச் செயல் அலுவலர் சொன்னார். ஸ்வீடனின் கிளார்னா என்ற பணப்பரிமாற்றச் சேவை நிறுவனமோ, 700 பேரின் வேலையை அரட்டை இயந்திரமே பார்ப்பதாக 2024இல் அறிவித்துவிட்டு, மறு ஆண்டே மனிதர்களை மீண்டும் பணியமர்த்தத் தொடங்கியது. உங்கள் பணியிடத்தின் வேலையை இப்போது எது அல்லது யார் செய்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் மகள் தட்டச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். இக்காலத்தில் அது வீண் என்கிறார் என் கணவர்.
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்கள் இன்றும் இருக்கின்றன, அவற்றுக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வுச் சான்றிதழ் தேவை. அரசுப் பணியே குறிக்கோள் என்றால், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு முதுநிலைத் தேர்வை முடிக்கட்டும். ஆனால், செயற்கை நுண்ணறிவின் தாக்கத்துக்கு மிகுதியாக உள்ளாவது எழுத்தர் பணிகளே என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சொல்லிவருவதால், தனியார் அலுவலகங்களில் தட்டச்சை மட்டும் நம்பி வேலை தேடுவது இனிக் கடினம். பட்டப்படிப்பையும் கணக்குப் பதிவியலையும் அவள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.