சங்கிலி எட்டும் தூரம்: நாய் வளர்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: வாடிப்பட்டிக்கு அருகே ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து குட்டியாக வாங்கி வந்த ஆண் நாய்க்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. காவலுக்கு என்பதால் பகலில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டி வைத்து, இரவில் அவிழ்த்து விடுகிறோம். போன மாதம் தேங்காய் பறிக்க வந்தவரைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன் சாப்பாடு வைக்கப் போன என்னைப் பார்த்தே உறுமியது. அடித்து வைத்தால் அடங்கும் என்று சிலரும், கடித்த நாயை வைத்திருக்கவே கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
(வாசகர், வாடிப்பட்டி)

பதில்: முதலில் கடிபட்டவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடித்து ஒரு மாதம் ஆகியும் நாய் நலமாக இருப்பதால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று கொள்ளலாம். கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் அந்தப் 10 நாளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இனி யாருக்கு நேர்ந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது கூடவே கூடாது.

இனி நாய்க்கு வருகிறேன். உங்கள் தோப்பை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். சங்கிலி எட்டும் தூரம் வரை மண் வழுவழுத்து, புல் ஒன்றுகூட முளைக்காமல், வட்டத்தின் விளிம்பில் மட்டும் கால் நகம் கீறிய பள்ளம் விழுந்திருக்கும். சோழவந்தான் பக்கத்திலும் மேலூர் பக்கத்திலும் நாய் கடிக்கிறது என்று என்னை அழைத்த தோப்புகளில் அந்த வட்டத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விளிம்பில் பள்ளம் எவ்வளவு ஆழமோ, அந்த நாய் அவ்வளவு நாளாக எதையோ எட்டப் பார்த்து எட்ட முடியாமல் இருந்திருக்கிறது.

ராஜபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். நீளக் காலும் ஆழ்ந்த மார்பும் ஓட்டத்துக்காக அமைந்தவை. அப்படிப்பட்ட உடம்பை விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஆறடிச் சங்கிலியில் நிறுத்தினால், புதிய ஆள் ஒருவர் நெருங்கும்போது அதற்கு விலகிப் போகும் வழி இல்லை. அச்சம் கொண்ட நாய்க்கு இரண்டே வழிதான் உண்டு: விலகுவது, அல்லது எதிரே இருப்பவரை விலகச் செய்வது. முதல் வழியைச் சங்கிலி அடைத்துவிடுகிறது. குரைத்துப் பாய்ந்ததும் வந்தவர் பின்வாங்குகிறார். பாய்ந்தால் பலன் உண்டு என்று நாய் ஒவ்வொரு நாளும் பாடம் கற்கிறது. இரவில் அவிழ்த்து விட்ட பிறகோ, யார் வரலாம் யார் வரக் கூடாது என்பதை ஆளில்லாத தோப்பில் அது தானே முடிவு செய்கிறது. தேங்காய் பறிக்க வந்தவரைக் கடித்தது இந்தப் பயிற்சியின் விளைவு.

வழக்கமாகக் கட்டி வைக்கும் நாய்க்குத் தக்க நடமாட்டம் தராமல் விடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களைப் பார்த்து உறுமியதற்காக அதை அடித்துவிடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. உடம்பு விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரிவது, உதடு மேலேறுவது, உறுமுவது என்ற வரிசைக்குப் பிறகுதான் கடி வருகிறது. உறுமியபோதெல்லாம் அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. சத்தமே இல்லாமல் கடிக்கும் நாய்கள் பல இப்படித்தான் உருவாகின்றன. மிளகாய் கலந்த சோறு கொடுத்து ரோஷம் ஏற்றுவதும் இந்த வகையைச் சேர்ந்த கொடுமையே. அதனால் வயிறு புண்ணாகுமே தவிரக் காவல் பலப்படாது.

முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நெடுநாள் வளர்த்தவரையே உறுமும் நாய்க்குக் காதில் சீழோ, உண்ணிக் காய்ச்சலோ, இடுப்பு வலியோ இருக்கக்கூடும். அடுத்து, மோட்டார் அறைக்குப் பக்கத்தில், மர நிழல் விழும் இடத்தில், பதினைந்தடிக்கு இருபதடி அளவில் ஆறடிக்கும் உயரமான கம்பிவலை அடைப்பு ஒன்று கட்டுங்கள். பகலில் சங்கிலி வேண்டாம். வேலையாட்கள் வரும் நாளில் அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே நாய் அடைப்புக்குள் இருக்க வேண்டும். கதவுக்குப் பூட்டும் வேண்டும். அவர்களோடு நாயைப் பழக்குகிறேன் என்று நீங்களாக இறங்க வேண்டாம். அனுபவமுள்ள பயிற்சியாளர் உடனிருக்க, நாய்க்கு வாய்க்கூடை மாட்டிய பிறகுதான் அந்த முயற்சி.

காலையிலும் மாலையிலும் முப்பது அடிக் கயிற்றில் வேலியோரமாகத் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நீங்கள் நின்றால் அதுவும் நிற்க வேண்டும், அழைத்தால் திரும்ப வேண்டும். திரும்பிய ஒவ்வொரு முறையும் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை அதன் முன் போடுங்கள். இப்போதைக்குக் கையிலிருந்து நேராக ஊட்ட வேண்டாம். கயிற்றை மட்டும் கழற்றிவிடாதீர்கள். இது கண்ணால் கண்டு துரத்தும் நாய். தோப்புக்குள் மயில் ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. ஈரல் துண்டுகளைத் தென்னை மட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்க விடுங்கள். கால் மணி நேர மோப்ப வேலை அதை நன்றாகவே களைப்படையச் செய்யும். இவ்வளவும் செய்து சில மாதங்களுக்குப் பிறகும் அது ஆட்களை நோக்கிப் பாய்ந்தால், வெளியாள் நடமாட்டத்தில் அதை அவிழ்த்துவிடும் எண்ணத்தையே கைவிட்டுவிடுங்கள். உங்கள் கவனக்குறைவால் உங்கள் நாய் ஒருவரைக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவு உங்கள் மேல்தான் பாயும்.

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஏழு மாதம். வெளியே கூட்டிப்போனால் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எழுபது வயதான என் மாமியார் மேல் தாவுகிறது. குழந்தைகள் ஓடினால் குதிகாலைக் கவ்வுகிறது. கடிநாயாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, திருநகர், மதுரை)

பதில்: ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து 1899இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட இனம் இது. சிதறி ஓடும் ஆட்டைக் காலருகே போய்த் திருப்புவது அதன் பிறவி வேலை. உங்கள் குழந்தைகளை அது ஆட்டுக் குட்டிகளாக நினைத்துவிட்டது. ஆகையால் பயப்பட வேண்டாம், ஆனால் விளையாட்டு என்று விட்டுவிடவும் கூடாது. முழுவளர்ச்சியடைந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோ எடை இருக்கும். இன்று சிரிப்பூட்டும் தாவல் அன்றைக்கு உங்கள் மாமியாரின் இடுப்பு எலும்பை முறிக்கும்.

இழுக்கும்போது நீங்கள் மரம் போல நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனைக்குப் போகவே அரை மணி ஆகும். ஒரு நாள் நின்று, ஒரு நாள் அவசரத்தில் இழுபட்டுப் போனால், இன்னும் பலமாக இழுத்தால் பலிக்கும் என்றே அது கற்றுக்கொள்ளும். தாவும்போது யாரும் பேசவோ தள்ளவோ வேண்டாம், திரும்பி நின்றால் போதும். நான்கு காலும் தரையில் பட்டதும் மாமியாரே உட்கார்ந்தபடி அதைத் தடவிக் கொடுக்கட்டும். குழந்தைகள் ஓடி விளையாடும் நேரத்தில் அது கயிற்றில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

மதுரை வெயிலைப் பற்றியும் ஒரு சொல். இரட்டை முடியடுக்கு உள்ள நாய் இது. கோடைக்கு என்று மழித்துவிடாதீர்கள், தினமும் சீவிவிடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ண முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. காலை ஆறு மணிக்கு முன்பும் இரவு எட்டு மணிக்குப் பின்பும் நடப்பதே நல்லது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடத் தொடங்கினால் நிழலில் கிடத்தி, சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: கோம்பை நாய்க்குட்டி, ஐம்பது நாள். தடுப்பூசிகள் முடியும் வரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பயிற்சி கொடுத்தால் போதுமா?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: போதாது. மனிதரையும் ஓசைகளையும் கண்டு அஞ்சாத மனம் பெரும்பாலும் மூன்றிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் அமைந்துவிடுகிறது. தரையில் விடாமல் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடை, பேருந்து நிறுத்தம், கொட்டு அடிக்கும் கோயில் வாசல் ஆகியவற்றுக்குச் சற்றுத் தள்ளி நின்று காட்டுங்கள். தெருநாய்கள் மலம் கழிக்கும் இடத்தில் எக்காரணம் கொண்டும் இறக்கிவிட வேண்டாம்.

கேள்வி: மூன்று மாத ராஜபாளையம் குட்டி, தூய வெள்ளை, மூக்கு நல்ல இளஞ்சிவப்பு. எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பிடிவாதமா? என் ஒன்பது வயது மகள் தொட்டு எழுப்பினால் வெடுக்கென்று கவ்வ வருகிறது.
(வாசகி, திருமங்கலம்)

பதில்: காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ எட்டாத தூரத்தில் நின்று, எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டுங்கள். காதுமடல்கூட அசையவில்லையென்றால் பிடிவாதம் என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தது வீண். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்காதில் இல்லாவிட்டால் ஒலியை உணரும் நுண்மயிர்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. 2005இல் அஞ்சல் தலை கண்ட பெருமை வாய்ந்த இந்த இனத்தில், பால்வெள்ளையும் சிவந்த மூக்கும்தான் அசல் என்று தேடித் தேடி இணைசேர்த்ததில் செவிட்டுத்தன்மையும் கூடவே வந்துவிட்டது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைத் தம்ளர் சோதனை காட்டிக்கொடுக்காது. எனவே தம்ளர் ஓசைக்கு அசைந்தாலும் உங்கள் குட்டியை வளர்ந்த பிறகு இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம்.

இந்தக் குட்டியைக் கைச்சைகையால் நன்றாகவே பழக்கலாம். கை உயர்ந்தால் உட்கார், மார்பைத் தொட்டால் வா என்று வீட்டில் எல்லாரும் ஒரே சைகையைக் காட்டுங்கள். வேலி இல்லாத இடத்தில் கயிறில்லாமல் விடாதீர்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரன் அதற்குக் கேட்காது. தூங்கும்போது அதைத் தொடாமல், சற்றுத் தள்ளித் தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, அது கண் விழித்துத் தன் முகத்தைப் பார்த்த பிறகே அருகில் போக வேண்டும் என்று மகளுக்கு இன்றே காட்டிக் கொடுங்கள்.